கேட்டுக்கு வெளியே லோக்கல்

ஓரகடத்தில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் முதலில் உங்கள் செல்போன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எங்கள் கேட்டில் அதை ஒட்டுவது நான்தான். "நான் என்ன திருடனா?" என்று உங்களில் பாதிப் பேர் என்னிடம் கத்தியிருப்பீர்கள். கத்துங்கள். ஆனால் நீங்களாவது ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறீர்கள். நான் ஒட்டிவிட்டு வெளியேவே நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும், எனக்கு வந்ததை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆதார் அட்டை

பிளஸ் டூ முடித்ததும் லைன் ஆபரேட்டர் வேலைக்குத்தான் போனேன். கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. எங்கள் தெருக்கோடியில் நின்றால் அதன் காம்பவுண்டுச் சுவர் தெரியும். டெஸ்ட் வைத்தார்கள். கலர் பார்த்து ஒயரைச் சொருக வேண்டும். எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எச்.ஆர். சார் வந்து பார்த்துச் சிரித்தார், "சூப்பர்ம்மா" என்றார். அப்புறம் ஆதாரைத் திருப்பி அட்ரஸைப் பார்த்தார். சிரிப்பு காணாமல் போய்விட்டது.

பக்கத்திலேயே வீடு இருந்தால் நல்லதுதானே, கம்பெனி பஸ்கூட வேண்டாமே என்று நானே அவருக்கு எடுத்துச் சொன்னேன். என்ன ஒரு அறிவு எனக்கு! அவர் அட்டையை என் பக்கம் தள்ளினார்: "லோக்கலுக்கு கேட்ல ஒரு வேக்கன்சி இருக்கும்மா. ஆறு மாசம் நில்லு, அப்புறம் உள்ள பாக்கலாம்."

டிரைவரின் போன்

வடக்கிலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு வந்த ஒரு டிரைவர் போனை நீட்டினார். பின்பக்கம் முழுக்க ஸ்டிக்கர். மேலே பச்சை, கண்ணாடிக் கம்பெனி. அதன் கீழே மஞ்சள், டயர் கம்பெனி. அதன் கீழே ஏதோ போன் கம்பெனி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வரைக்கும் என்னென்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் போனை உரித்துப் பார்த்தால் போதும். வெளியே போகும்போது உரித்து அனுப்ப வேண்டும் என்பது ரூல். யாரும் உரிப்பதில்லை. ஒட்டத்தான் சம்பளம், உரிக்க யாருக்கு நேரம்?

முன்பக்கக் கேமராவையும் மூடி வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்து நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். மனுஷனுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "மேடம், வீடியோ கால்ல பீவி, பொண்டாட்டி கேக்குது, நீதான் பேசுதா, இல்ல வேற ஆளு உன் குரல்ல பேசுதான்னு!"

மூன்று கண் போன்

அதே வாரம் ஒரு பெரிய சார் வந்தார். போனில் மூன்று கேமரா. நான் ஸ்டிக்கரோடு போனேன், அவர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன். கேட்டில் என்னோடு நிற்கிற செக்யூரிட்டி ஏகாம்பரம் அண்ணன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்காத குறைதான். ரூல் ரூல்தானே என்று கத்தினேன். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது: "இன்னா பாப்பா நீ, அவரு போன்ல ஒட்டுனா நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் இங்க நின்னுகினு இருக்க முடியுமா?"

மாடி ரூம்

ஆறு மாசம் முடிந்தது. எச்.ஆர். சாரிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். மறுநாள் தெற்கிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள், லைன் வேலைக்கு. அத்தனை பேர் போனுக்கும் நான்தான் ஸ்டிக்கர் ஒட்டினேன். என் வயிறு எரிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் எங்கேயாவது நின்றிருப்பீர்கள்.

அதில் ஒருத்தி தென்காசிப் பக்கத்து முத்துச்செல்வி. கம்பெனி ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி என்று வெளியே ரூம் தேடினாள். எங்கள் தெருவில் இப்போது விளைவது வாடகை ரூம்தான். அம்மா அவளுக்கு எங்கள் மாடி ரூமையே கொடுத்துவிட்டாள். முத்துச்செல்வி மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனிக்கு நடந்தோம். கேட் வந்ததும் அவள் நின்று, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்: "வீடு இங்கனயேதான இருக்கு, பொறவு நீ ஏம்ட்டி வாசல்லயே கெடக்க?"

உள்ளே இருக்கிற அம்மன்

எங்கள் கன்னியம்மன் கோயில் கம்பெனி காம்பவுண்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்ற ஊரை உள்ளே விடுவார்கள். அன்றைக்கும் ஸ்டிக்கர் உண்டு. அம்மா போனுக்கு நானே ஒட்டினேன். "அம்மன் இன்னா இவனுங்க செய்ற சாமானா, போட்டோ புடிச்சிகினு போய் விக்க?" என்று திட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

எச்.ஆர். சாரும் கூழ் குடிக்க வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். நான் நேராகவே கேட்டேன்: அம்மனை உள்ளே வைத்திருக்கிறீர்கள், என்னை ஏன் சார் வைக்க மாட்டேன் என்கிறீர்கள்? வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, மறைக்காமல் சொன்னார்: "லோக்கல் ஆளுக்கு ஒண்ணுன்னா ஊரே கேட்ல வந்து நிக்கும்மா. வெளியூர்ப் பொண்ணுன்னா அழுதுட்டு பஸ் ஏறிடும்."

திறக்காத பேட்ஜ்

லைனில் ஆர்டர் அதிகம் என்று சாப்பாட்டு நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். "சாப்ட்டுட்டுத்தான் வருவோம்" என்று முத்துச்செல்வி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் அவள் பேட்ஜுக்குக் கேட் திறக்கவில்லை. உள்ளே விடாதே என்று எங்களுக்கு ஆர்டர். அவள் என் எதிரிலேயே நின்று அழுதாள். பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று கேட்டாள். எச்.ஆர். சார் சொன்னபடியே நடக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்மா தோசைத் திருப்பியைக் கூடக் கீழே வைக்காமல் வந்தாள். பின்னாலேயே தெருவில் ரூம் விட்டிருக்கிற அத்தனை பெண்களும். கேட்டுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே போக வந்த லாரிகள் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோயின. எச்.ஆர். சார் ஓடி வந்து, இது கம்பெனி விஷயம், அந்தப் பெண் தென்காசி, உங்களுக்கு என்ன சம்பந்தம் என்றார். நான் ஸ்டிக்கர் ரோலைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தேன். வேலை போனால் போகட்டும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோன்றியது. அம்மா எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே சொன்னாள்: "தென்காசியாவது இன்னாவாவது! என் வூட்ல துன்னுது, என் வூட்ல தூங்குது. இதுவும் லோக்கல்தான் சார், தொற கேட்ட."

அன்று மதியம் அவள் பேட்ஜுக்குக் கேட் திறந்தது. இப்போதெல்லாம் இன்டர்வியூவில் சொந்த ஊர் எது என்பதோடு யார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறாய் என்றும் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறவர்களின் போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது இன்னும் நான்தான்.