பலகையின் முதல் உறுப்பினர்

சாயம் போகாது என்று சத்தியம் செய்து துணி விற்ற குடும்பம் எங்களுடையது. பொய்யை எப்படி மடிப்பது, எப்படி விரித்துக் காட்டுவது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் சொல்கிறேன். இதில் ஒரு இழைகூடப் பொய் இல்லை. நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

இணையம் வருவதற்கு முந்தைய காலம். கடைவீதி வியாபாரிகளுக்கு ஒரு கணினி அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு டெலிபோன் லைன். அவ்வளவுதான் சாமான். வெளியிலிருந்து ஒருவர் தன் கணினி வழியாகப் போன் போட்டால் என் கணினி எடுக்கும். அவர் தன் பெயரைப் பதிந்து, செய்தி எழுதிவிட்டுப் போகலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பிரசவ அறையில் இருந்தாள். "இங்க நடந்து நடந்து தரையைத் தேய்க்காதீங்க மாப்ள. ஏதாவதுன்னா கடைக்குப் போன் பண்றேன்" என்று மாமியார் என்னைத் துரத்திவிட்டார். கடைக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும். பின்னறையில் பலகையை நிறுவ ஆரம்பித்தேன். மனைவியின் தம்பியும் கூட வந்திருந்தான்.

அப்போது எதுவும் தானாக நிறுவிக்கொள்ளாது. ஆறு பிளாப்பி. ஒவ்வொன்றாகப் போட்டு நகலெடுக்க வேண்டும். பிறகு வரி வரியாகக் கையால் அடிக்க வேண்டும். மச்சான் கையேட்டை வாசித்தான்.

"அத்தான், இங்க தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. முதல்ல பதியிறவர்தான் பலகைக்கு முதலாளியாம். யாரைச் சேர்க்கணும், யாரை நீக்கணும்னு எல்லாம் அவர் கையிலயாம். நீங்க பதியிற வரைக்கும் லைனைச் சொருகக் கூடாதாம்."

"லைன் இல்லாம உங்கம்மா எப்படிடா கூப்பிடுவாங்க? கிடக்கட்டும். லீவு நாள்ல எவன் வரப்போறான்?"

மணி அடித்தால் பாய்ந்து போனை எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

3.31. மணி அடித்தது.

பாய்ந்தேன். மோடம் முந்திக்கொண்டது.

மோடம் எடுத்தால் கீச்சென்று அலறும். அன்று அலறவில்லை. யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

திரையில் எழுத்துகள் வந்தன.

பெயர்: இல்லை.
ஊர்: இல்லை.
உறுப்பினர் எண்: 1.

"போச்சு! கடை திறக்கிறதுக்குள்ள முதலாளி மாறியாச்சு" என்று மச்சான் சிரித்தான். நானும் சிரித்தேன்.

3.40. வந்தவன் போகவில்லை. இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

உறுப்பினர் எண்: 2.
பெயர்: இன்னும் வைக்கவில்லை.
பெண்.
பிறந்த நேரம்: இன்று 3.47.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 3.42.

"அத்தான்... லைனைப் பிடுங்குங்க."

பிடுங்கினேன். வயர் என் கையில் தொங்கியது.

திரையில்: இணைப்பில்.

மச்சான் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நான் கணினியின் சுவிட்சில் கை வைத்தேன். அணைக்கலாம். ஆனால் அவள் உள்ளே பதிந்திருக்கிறாளே... கையை எடுத்துவிட்டேன்.

3.47. புது வரி.

எண் 2-ஐ நீக்கவா?

உள்ளே இருப்பவரோடு பேச ஒரு விசை உண்டு. அழுத்தினேன்.

"வேண்டாம். உனக்கு என்ன வேணும்?"

ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"துணை."

பழக்கம்... விரல் தானாகப் பேரத்தில் இறங்கியது. "ஒண்ணு எதுக்கு? நூறு பேரைச் சேர்த்து விடுறேன். அவளை விடு."

3.52.

"நானும் வர்றேன். தினமும் வந்து பேசுறேன்."

3.55.

"எதுவரைக்கும்?"

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும்."

காத்திருந்தேன்...

3.58.

"சரி."

இணைப்பு அறுந்தது.

மாமியார் அன்று மாலை சொன்னார். "மூணு நாப்பத்தேழுக்குப் பொறந்தா மாப்ள. அழவே இல்ல. நீலம் பாரிச்சுப் போச்சு. நர்ஸ் என்னென்னவோ பண்ணிப் பார்த்தா. பதினோரு நிமிஷம்... அப்புறம் யாரோ வாயிலேருந்து கையை எடுத்த மாதிரி வீல்னு அழுதா."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். கடைவீதியில் ஆள் பிடித்து இருநூறு பேரைச் சேர்த்தேன். நான் எண் 3. இணையம் வந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டெலிபோன் லைனை வெட்டி ஒன்பது வருடம் ஆகிறது. கணினி மட்டும் ஓடுகிறது. தினமும் அதன் முன் உட்கார்ந்து ஏதாவது எழுதுகிறேன். கடைசியாக வந்தவர் யார் என்று திரை காட்டும்.

எண் 1. நேரம் 3.47.

"அந்தப் பொட்டியைத் தூக்கிப் போட்டாத்தான் என்னப்பா?" என்று மகள் கேட்கிறாள். கல்லூரி முடித்துவிட்டாள். என்னைவிடச் சத்தமாகப் பேரம் பேசுவாள்.

எந்தப் பேரத்திலும் தவணையை, கெடு எப்போது முடிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அன்று மட்டும் தவறிவிட்டேன். தவணையை என் ஆயுளில் போட்டேன்.

போன வாரம் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இனி மாடிப்படி ஏற வேண்டாம் என்றார்.

கடைக்கு வந்து திரையைப் பார்த்தேன்.

எண் 2-ஐ நீக்கவா?

இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கிறது...