நல்லா இருக்கேன் என்று சொன்ன பொங்கல்

திங்கட்கிழமை காலைகளில் மேற்கு ஜெர்மனியில் யாருக்கும் எந்தக் குறையும் கிடையாது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் விடிவதற்கு முன்பே உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தால், பக்கத்து அலமாரிக்காரி ஹெல்கா காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே, "வோகனெண்டே எப்படி?" என்பாள். வோகனெண்டே என்றால் சனியும் ஞாயிறும். அதற்கு "கூட்" என்று சொல்ல வேண்டும். கூட் என்றால் நன்று. நம் ஊர்க் கூட்டைப் பாதியில் இறக்கி வைத்தாற்போல ஒரு சொல். பிறகு அவளை நாம் கேட்க வேண்டும். அவளும் "கூட்" என்பாள். அத்துடன் இரண்டு குடும்பங்களின் விவகாரமும் அடுத்த திங்கள்வரை தீர்ந்தது. அவள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததும், அவள் வீட்டுக் கூரை ஒழுகியதும், அவள் மகன் பள்ளிக்கூடத்தை விட்டதும் எல்லாம் கூட்டான வாரங்களில்தான் நடந்தன என்று பல வருஷம் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன்.

வந்த புதிதில் எனக்கு இந்த நாகரிகம் தெரியாது. திண்டிவனத்தில் ஒருத்தி நம்மைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், அவளுக்குப் பொழுது இருக்கிறது என்று பொருள். அந்த நம்பிக்கையில் ஹெல்காவிடம் என் சனி ஞாயிறை முழுசாகச் சொன்னேன். கணவருக்குப் பல்வலி, நான் கடுகு தாளித்த வாசனைக்கு மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார், அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை, ஞாயிறு முழுக்க அழுகையாக வந்தது. என் ஜெர்மன் அப்போது நொண்டிக்கொண்டிருந்த காலம். ஹெல்காவின் முகம் வெளுத்துவிட்டது. மத்தியானம் தலைமைத் தாதி என்னைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, என் கணவர் என்னை அடிக்கிறாரா என்று கேட்டார். பல்வலியில் முனகுகிற மனிதர், பாவம், ஈ அடிக்கவும் தெம்பில்லாமல் கிடக்கிறார் என்று நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே தேவாலயத்து ஆலோசனை நிலையத்தில் எனக்கு நேரம் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து நான் கூட்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து எனக்குக் குழந்தை தங்கியது. ஊருக்கு எழுதவில்லை. எழுதினால் அம்மா வேண்டுதல் வைப்பார், மாமியார் போட்டிக்கு இன்னொரு வேண்டுதல் வைப்பார், தீர்த்து முடிக்க எனக்கு ஆயுள் போதாது. கையில் குழந்தையோடு பொங்கலுக்குப் போய் இறங்கி எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம் என்று நானும் கணவரும் பெரிய ராஜதந்திரிகளைப் போலத் திட்டம் போட்டோம். எட்டாம் மாதம், ஐப்பசியில், அது உயிரில்லாமல் பிறந்தது. பெண். தாதி துணியில் சுற்றி ஒரு தடவை காட்டினாள், எடுத்துக்கொண்டு போனாள். அடக்கம் செய்வதெல்லாம் நகராட்சி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இந்த நாட்டில் எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொள்வார்கள். இல்லத்திலிருந்து எல்லோரும் கையெழுத்துப் போட்ட அனுதாப அட்டை ஒன்றும் பூந்தொட்டி ஒன்றும் வந்தன. மீண்டும் வேலைக்குப் போன திங்கட்கிழமை ஹெல்கா பழக்கதோஷத்தில் வோகனெண்டே எப்படி என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, காது மடல் வரை சிவந்துபோனாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கூட்" என்றேன். அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். வீட்டில் கணவரும் நானும் அதே மாதிரிதான். சாப்பாடு எப்படி? நன்று. குளிர் எப்படி? பரவாயில்லை. முன்பே வாங்கி வைத்த விமானச்சீட்டு இருந்தது. அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீயாவது போய்ட்டு வா" என்று ஏற்றிவிட்டார்.

எண்பத்து மூன்றில் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்து சனி, ஞாயிறோடு ஒட்டிக்கொண்டது. திண்டிவனத்தில் அண்ணன் வீட்டில் அம்மாவைப் பார்த்து, அவருடைய ரத்தக் கொதிப்புக்கு அஞ்சி எதையும் சொல்லாமல் பொங்கலைத் தின்று முடித்து, சாயங்காலமே விழுப்புரம் பஸ் ஏறினேன். கூடவே புஷ்பம். நானும் புஷ்பமும் கஸ்தூரியும் திண்டிவனத்தில் ஒரே விடுதியில் படித்தவர்கள். ஒரே சீப்பில் தலை வாரியவர்கள். புஷ்பம் திண்டிவனத்திலேயே டீச்சர். கஸ்தூரி ரயில்வே கார்டுக்கு வாழ்க்கைப்பட்டு விழுப்புரம் ரயில்வே காலனியில் இருந்தாள். கூட்ஸ் வண்டிக்குப் பண்டிகை தெரியாது என்பதால் கார்டு எந்தப் பொங்கலுக்கும் வீட்டில் இருந்ததில்லை. அதனால் அவள் வீடுதான் எங்களுக்கு வசதி.

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டுவதற்குள் புஷ்பம் ஆரம்பித்துவிட்டாள். அவளை முகையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ், நடுவில் நடை. இதற்குக் காரணம் தலைமையாசிரியையின் நாத்தனார். நாத்தனாரின் குணக்கேடுகள் விழுப்புரம் வரை வந்தன. கஸ்தூரி வீட்டு வாசலில் கால் வைத்ததும் அவள் பங்குக்குக் கொட்டினாள். மழை பொய்த்து காலனிக் குழாயில் விடியற்காலையில்தான் தண்ணீர். அதற்கு நடக்கிற சண்டையில் எதிர்வீட்டு ராஜாமணி அம்மாள் இவள் குடத்தை நசுக்கிவிட்டாள். மூத்த மகள் வயசுக்கு வந்த சடங்கில் இவள் நாத்தனார் கொண்டுவந்த புடவையில் ஓட்டை. கார்டுக்குப் புகையிலைப் பழக்கம். புஷ்பத்தின் தம்பி டைப்ரைட்டிங் படிக்கப் போய் வேற்று மதத்துப் பெண்ணைப் படித்துவிட்டு வந்திருக்கிறான். கஸ்தூரிக்கு முட்டிவலி என்றால் புஷ்பத்துக்குக் கழுத்தில் வீக்கம். ஒருத்தி கவலையை மற்றவள் தோற்கடிக்காமல் விடுவதில்லை. ஜெர்மனியில் இத்தனை கவலைக்கு ஓர் ஆலோசனை நிலையமே கட்ட வேண்டியிருக்கும். இங்கே ஒரு முறம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போதுமானதாக இருந்தது. தோலை உரித்துக்கொண்டே உலகத்தைத் திட்டினோம்.

நடுவில் என் முறை வந்தது. நீ எப்படி இருக்கிறாய் என்று கஸ்தூரி கேட்டாள். "நல்லா இருக்கேன்" என்றேன். வேலை? நன்று. அவர்? நன்று. குளிர்? பழகிவிட்டது. மாமியார் தொல்லை? அவர் ஊரில், நான் அங்கே, நன்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை காபி வரும்போது மறுபடி கேட்டார்கள். மறுபடி நன்று. புஷ்பம் மல்லாட்டையைக் கீழே வைத்தாள். "நல்லா இருக்கறவ எவளாவது இவ்ளோ ஜல்தியா சொல்லுவாளாடி?"

சனிக்கிழமை முழுக்க என்மீது விசாரணை நடந்தது. நான் குளிக்கப் போனால் சமையலறையில் கிசுகிசுப்பு. என் கணவருக்கு வெள்ளைக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பது புஷ்பத்தின் கட்சி. எனக்குக் காசம் என்பது கஸ்தூரியின் கட்சி, நான் இளைத்திருந்தேன். கடைசியில் இரண்டு கட்சியும் கூடி, எனக்குத் தலைக்கனம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தன. வெளிநாடு போனவளுக்கு ஊர்க்காரிகளிடம் சொல்லும்படியாகக் கவலைகூட இல்லை! சாயங்காலத்துக்குள் நடவடிக்கை எடுக்கப்பட்டது. எனக்கு மட்டும் விருந்தாளிகளுக்கான பீங்கான் கோப்பையில் காபி வந்தது. நாற்காலி துடைத்துப் போடப்பட்டது. புஷ்பத்தின் தம்பி விஷயம் என்ன ஆயிற்று என்று நானே கேட்டதற்கு, கஸ்தூரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எங்க வூட்டு பேஜாரெல்லாம் உனக்கு எதுக்குடி? நீ காபி குடி."

புலம்பெயர்ந்த சகோதர சகோதரிகளுக்கு இந்தப் பீங்கான் கோப்பை தெரிந்திருக்கும். நாம் ஊருக்குப் போவது சோப்பு, சென்ட், டேப் ரெக்கார்டர் விநியோகிக்க என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, எதையும் சொல்லாமல் திரும்பி வருகிறோம். அங்கே குளிரில் கழிப்பறை கழுவியதை இங்கே சொல்வதில்லை. இங்கே தண்ணீருக்கு அடித்துக்கொள்வதை அங்கே சொல்வதில்லை. இரண்டு நாட்டிலும் நாம் கூட். நம்மைவிடச் சந்தோஷமான ஜனம் பூமியில் கிடையாது. வேளாவேளைக்கு விருந்தாளிக் கோப்பையில் குடித்துவிட்டு, நம்மை யாரும் ஒட்டவில்லையே என்று விமானத்தில் மூக்கைச் சிந்துவதும் நாம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஸ்தூரி புழக்கடையில் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். அடிப்பிடித்த வெண்கலப் பானை. நான் போய் எதிரில் குந்தினேன். விருந்தாளி பாத்திரம் தொடக் கூடாது என்று பார்வையாலேயே தடுத்தாள். புளியை எடுக்கப் போன என் கையையும் தள்ளிவிட்டாள். அந்தத் தள்ளலில் எனக்குள் என்னவோ உடைந்தது. ஆஸ்பத்திரியில் உடையாதது, ஹெல்காவிடம் உடையாதது.

"கஸ்தூரி, எனக்கு ஒரு கொழந்த பொறந்துச்சுடி. ஐப்பசில. எட்டு மாசம். உசுரில்லாம பொறந்துச்சு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பானையைப் பார்த்தபடியே கேட்டாள். "பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"யார் ஜாடை?"

அத்தனை டாக்டர்கள், தாதிகள், அட்டையில் கையெழுத்துப் போட்டவர்கள், ஒருவரும் அதைக் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் பதில் வாயில் தயாராக இருந்தது. "மூக்கு எங்கம்மா மாதிரிடி. முடி நெறைய இருந்துச்சு."

"எங்க வச்சிருக்கீங்க?"

"அந்த ஊர் முனிசிபாலிட்டி இடுகாட்டுல. நான் போவல."

"ஏன் போவல?"

"யாரும் கூப்டல."

அப்போதுதான் அவள் கை நின்றது. எனக்குப் பின்னால் கதவோரம் புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாளோ. ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "ரெண்டு நாளா ட்ரான்ஸ்பரு, நாத்தனாருன்னு நான் ஒப்பாரி வச்சிக்கினு இருக்கேன். அத்தயும் கேட்டுக்கினு மல்லாட்ட உரிச்சிக்கினு இருந்தியேடி, பாவி" என்றவள் படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து முதுகைத் தடவினேன். நம் ஊர்த் துக்கத்தில் பறிகொடுத்தவளுக்குத்தான் வேலை அதிகம். கஸ்தூரி புளிக் கையோடு வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். என் ஜெர்மன் சட்டையில் அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. மூன்று பேரும் அழுதோம். அதற்கு நேரம் வாங்க வேண்டியிருக்கவில்லை.

புழக்கடையில் பேசிய ரகசியம் சுவர் ஏறிக் குதிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? சாயங்காலத்துக்குள் குடம் நசுக்கிய ராஜாமணி அம்மாள் கொழுக்கட்டையோடு வந்துவிட்டார். வெள்ளைக்காரன் ஊர்க் குளிருக்குக் கர்ப்பம் எப்படித் தங்கும் என்று கேட்டார். கேப்பைக் கூழ் குடிக்காததுதான் காரணம் என்று முடிவும் சொன்னார். பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் இரும்பையில் இருக்கிற சிவனைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி அபத்தம், மீதி அதைவிட அபத்தம். ஆனால் போகும்போது என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நின்றார்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு வரை ஒரே சண்டை. பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும் என்றாள் கஸ்தூரி. அதில் புஷ்பத்துக்கும் சம்மதம். பெயரில்தான் தகராறு. கஸ்தூரி, செல்வி என்றாள். சர்ச்சுக்குப் போகிற புஷ்பம், ஸ்டெல்லா என்றாள். ஸ்டெல்லா என்று கூப்பிட்டால் எங்கள் குலதெய்வத்துக்குப் புரியாது என்று கஸ்தூரியும், செல்வி என்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று புஷ்பமும் கத்த, சென்னை பஸ்ஸின் கண்டக்டர் எங்களைப் பார்த்து, எந்தப் பிள்ளையாக இருந்தாலும் சீக்கிரம் ஏற்றுங்கள் என்றார். ஏற்றுவதற்கு எங்களிடம் பிள்ளை ஏது என்று மூவரும் திகைத்தோம். பிறகு கஸ்தூரிதான் முதலில் சிரித்தாள்.

ஜெர்மனிக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, இடுகாட்டுக்குப் போக வேண்டும், வழி விசாரிக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் கோட்டை மாட்டினார். பஸ் எண், இறங்கும் இடம், பக்கவாட்டுக் கதவு, பனியில் வழுக்காத பாதை, எதையும் அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. நேராகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சின்ன மேட்டின் முன் நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். "அப்பப்போ வருவேன்" என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நான் நன்றாகத்தானே இருந்தேன், கலைக்க வேண்டாம் என்று நினைத்தாராம். ஆறு வருஷக் குடித்தனத்தில் எங்கள் இருவருக்கும் ஜெர்மானியக் குடியுரிமைக்கான சகல தகுதிகளும் வந்திருந்தன. அன்று அந்த மேட்டின் முன் நின்று கஸ்தூரி வைத்ததையும் புஷ்பம் வைத்ததையும் சேர்த்துக் கூப்பிட்டேன். அவர் எதற்கும் ஆட்சேபிக்கவில்லை.

வெயில் காலத்தில் அங்கே துலுக்கச் சாமந்தி நட்டோம். இடுகாட்டுத் தோட்டக்காரக் கிழவர் வந்து பார்த்து, நல்ல ஜெர்மன் பூ, எங்கள் ஊர்ப் பூவைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பாராட்டினார். இது எங்கள் ஊர்ப் பூ என்று நான் சொன்னேன். எந்த ஊர் என்றார். விழுப்புரம் என்றேன். அது போலந்துப் பக்கமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் விளக்க என் ஜெர்மனுக்கு வக்கில்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷமாயிற்று. அப்புறம் ஒரு மகன் பிறந்தான். ராஜாமணி அம்மாள் அதற்குக் கேப்பையைக் காரணம் காட்டுகிறார். கஸ்தூரி ஒவ்வொரு கடிதத்திலும், காலனிக்குப் பின்னால் மனை போடுகிறார்கள், போதும், வந்து சேருங்கள் என்று எழுதுகிறாள். நாங்களும் ஒவ்வொரு தடவையும் தீவிரமாக யோசிக்கிறோம். போன ஆடியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கஸ்தூரியும் பிள்ளைகளும் குடம், அண்டா, வாளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கூரை ஓரம் வைக்க ஓடினார்கள். எனக்கு மட்டும் அப்பாடா என்றிருந்தது. இன்று சாமந்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று நினைத்தேன். பூ எங்கே இருக்கிறது, மழை எங்கே பெய்கிறது என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் கஸ்தூரி என் கையில் ஒரு குடத்தைத் திணித்துவிட்டாள்.