நடுக்கதவும் ஆறுமணிக்குருவியும்

நுஸ்ரத்தின் இரண்டு கைகளும் வாப்பாவின் முதுகுக்கடியில் இருந்தன. குறுக்கே போட்ட விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி அவர் இடுப்பை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டாள். மறுபக்கத்தில் ஒருவர் நின்று தூக்கிக்கொடுத்தால் ஆள் அலுங்காமல் ஒருச்சாய்ந்து படுத்துவிடுவார். அந்த ஒருவர்தான் இன்று இல்லை.

அவளைப் பெற்ற வாப்பா ஹாமிது கப்பலில் முப்பது வருஷம் சமையல் பார்த்தவர். எண்பது கிலோ. இரண்டு வருஷமாக வாதம் வந்து இடப்பக்கம் விளங்காமல் கிடக்கிறார். அவ்வளவு நாளில் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அதற்கு நுஸ்ரத்தின் கை பாதி, பக்கத்து வீட்டு ருகையா ராத்தாவின் கை பாதி. காயல்பட்டினத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர வைத்திருக்கும் நடுக்கதவு வழியாக, ராத்தா பகலில் நான்கு தடவை வந்து திருப்பிவிட்டுப் போவாள். நேற்று மத்தியானம் அந்தக் கதவை அவள் பக்கமிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

காரணம் ஒரு படம்.

ஜித்தாவில் வேலை பார்க்கும் நுஸ்ரத்தின் கணவன் உஸாமா போன லீவில் கொண்டுவந்த கேமரா எப்போதும் வாப்பா கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் இருக்கும். படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பவளுக்குக் கண்ணை வைக்க வேறு ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் அவளும் சீக்கிரம் படுத்துவிடுவாள். நுஸ்ரத் தோட்டத்தில் வைத்தாள். கொய்யாவுக்கடியில் சருகைக் கூட்டாமல் விட்டாள், உடைந்த சட்டியில் தண்ணீர் வைத்தாள். செம்போத்து, தையல்சிட்டு, தவிட்டுக்குருவி என்று முப்பத்தொரு வகை வந்தன. எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் பறவை பார்ப்போர் குழுவுக்கு அனுப்புவாள்.

ஆறுமணிக்குருவி மட்டும் அகப்படாமலே இருந்தது. பனிக்காலத்துக்கு வடக்கிலிருந்து வருவது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் சீட்டியடிக்கும், ஆளைக் கண்டால் சருகுக்குள் போய்விடும். போன ஐப்பசியில் சத்தம் மட்டும் கேட்டாள். இந்த ஐப்பசியில் அது மழையில் சரிந்த மதில்மேல் ஏறி, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு நிமிஷம் நின்றது. பதினேழு படம் எடுத்தாள். நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

குருவியைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. சரிந்த மதிலுக்குப் பின்னால் ருகையாவின் முற்றம் தெரிந்தது. அங்கே ருகையாவின் மகள் யுஸ்ரா தலையில் துணியில்லாமல் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் நிக்காஹ் ஆகப்போகிற பிள்ளை. மங்கலாகத்தான் இருந்தாள், ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். படம் நாலு கை மாறி, துபாயிலிருக்கும் அவள் அண்ணன் ரியாஸின் போனுக்கே போய்ச் சேர்ந்தது.

ருகையா நடுக்கதவில் நின்றபடியே சொன்னாள், உள்ளே வரவில்லை. "உன்னய நம்பி இந்தக் கதவத் தொறந்து வச்சேன். நீ எங்க முத்தத்த ஊரு ஆம்பளைக்கெல்லாம் தொறந்துவிட்டுட்டியே, ஏளா."

நுஸ்ரத் குழுவை நடத்தும் ஆறுமுகநேரி பாண்டியராஜனைக் கூப்பிட்டாள். அவர் படத்தை உடனே நீக்கினார், எல்லோரையும் அழிக்கச் சொன்னார். தானும் குருவியைத்தான் பார்த்ததாகச் சொன்னார். ஆனால் போனது போனதுதான்.

அதிலிருந்து தலையணையை மாற்றி மாற்றி வைத்து ஒப்பேற்றினாள். இன்று காலை வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்தினால் வெளுத்து ரத்தம் திரும்பி வர வேண்டும். வெளுக்கவில்லை, சிவப்பு அப்படியே நின்றது. புண்ணுக்கு முதல் படி அது. முழுதாகத் திருப்பியே ஆக வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தனியாகத் துணிந்தாள்.

சுருட்டலைத் தன் பக்கம் இழுத்தாள். உடம்பு திரும்பியது, நிற்கவில்லை. விளங்காத கால் கட்டிலைத் தாண்டிச் சரிய, பின்னாலேயே இடுப்பும் வந்தது. முழங்காலை முட்டுக்கொடுத்து, தோளால் அவர் நெஞ்சைத் தாங்கினாள். போன் ஜன்னலில், கேமராவுக்குப் பக்கத்தில். கையை எடுத்தால் ஆள் தரையில். வாப்பாவின் மூச்சு அவள் கழுத்தில் வேகவேகமாகப் பட்டது. தோட்டத்தில் ஆறுமணிக்குருவி சீட்டியடித்தது.

"ராத்தா," என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வாப்பா விழப் போறாஹ. எனக்காவ வராண்டாம்."

முழங்கால் வழுக்க ஆரம்பித்தது. வாப்பாவின் நல்ல கை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கினார்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ருகையா வந்து மறுபக்கம் கட்டிலில் ஏறி விரிப்பைப் பிடித்தாள். இருவரும் மூன்று எண்ணி இழுத்தார்கள். ஆள் நடுக்கட்டிலுக்கு வந்ததும், ஒருச்சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். ருகையா சிவப்பைக் கண்டு, விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"எப்பயிருந்து?"

"காலையில."

"தட்டுறதுக்கென்ன?"

"பூட்டுன கதவ என்ன மூஞ்சிய வச்சித் தட்ட?"

ருகையா ஜன்னலைக் காட்டினாள். கேமராவை எடுக்கச் சொன்னாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக நகர்த்தச் செய்தாள். ஆயிரத்துக்கு மேல் குருவி. முற்றம் தெரிகிற படம் பதினேழுதான், எல்லாம் அந்த ஆறுமணிக்குருவி. சிலவற்றில் யுஸ்ரா இல்லை, வெறும் கொடிக்கயிறுதான்.

"பதினேழுமா, ராத்தா?"

"பதினேழும்."

நுஸ்ரத் தன் விரலாலேயே ஒவ்வொன்றாக அழித்தாள். பாண்டியராஜனும் அழித்துவிட்டதால் அவளுக்கென்று அந்தக் குருவி இனி ஒரு படத்திலும் இல்லை. ருகையா கடைசிவரை இருந்து பார்த்தாள். பிறகு, ரியாஸிடம் தான் பேசிக்கொள்வதாகவும், ஆனால் மதில் இப்படிக் கிடந்தால் கதவு திறக்காது என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் விடியுமுன் சுபுஹு தொழுததும் நுஸ்ரத் கோழிக்கூட்டின்மேல் கிடந்த ஓலைத்தட்டி இரண்டை இழுத்துவந்து சரிந்த இடத்தில் நிறுத்தினாள். அந்தப் பக்கமிருந்து ஒரு கை கயிற்றை வாங்கி இறுக்கிக் கட்டியது. தட்டிக்கு அப்பால், ருகையாவின் முற்றத்தில் குருவி சீட்டியடித்தது. நுஸ்ரத் கேமராவை எடுக்கவில்லை. மணி ஆறு, வாப்பாவைத் திருப்ப வேண்டும். நடுக்கதவு திறந்தது. ருகையா வந்து விரிப்பின் மறு ஓரத்தைப் பிடித்தாள். திருப்பியதும் நுஸ்ரத் சிவந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். தோல் வெளுத்து, மெல்லச் சிவந்தது.