தூரம் போக வேண்டிய வண்டி

அந்தத் தெருவில் அவளைக் கண்ணாடிக்கடை அக்கா என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருந்தும்படி ஃபிரேமை வளைத்துச் சரிசெய்து கொடுப்பது அவள் பொறுப்பு. நாள் முழுக்க அடுத்தவர் முகத்தை அரையடி தூரத்தில் வைத்துப் பார்ப்பவளுக்குத் தன் முகத்தைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. ஒருநாள் கடைச் சுவரிலிருந்த நிலைக்கண்ணாடியில் தன்னைத்தானே பார்த்துவிட்டு, யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து, "உக்காருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டாள். உடன் வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்ததற்கே களைப்பாக இருந்தது.

அவள் கணவர் தண்ணீர் பம்புகள் விற்பவர். கம்பெனியின் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர். எல்லோருக்கும் அவர் பம்புக்காரர். வாய் ஓயாத மனிதர். வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரிடம்கூடப் பத்து நிமிடம் பேசினால் போதும், அந்த ஆளே பம்பைத் தூக்கி வண்டியில் வைக்கச் சொல்லிவிடுவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்த அவருக்கு நல்லதாக ஒரு கார் வேண்டியிருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம் என்று அவளுடைய தம்பி கிண்டல் செய்வான்.

கடைசியில் வாங்கியது ஒரு டீசல் வண்டி. பார்வைக்கு எஸ்.யூ.வி. போல நிமிர்ந்து நிற்கும். நீளம் நாலு மீட்டருக்குள் அடங்கும். அதனால்தான் அவர்கள் சந்தில் திரும்பி, வாசல் கேட்டுக்குள் நுழைந்தது. ஒன்றரை லிட்டர் இன்ஜின், டர்போ, ஆறு கியர். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்ததால், பம்பு பொருத்தும் வயற்காட்டு மண்பாதைகளில் கல் இடிக்காமல் போனது. லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடியது. இதையெல்லாம் அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார். பெட்ரோல் கார் வைத்திருந்த மைத்துனனிடம், "மாப்ளே, ஆயிரத்து எழுநூத்தம்பது சுத்துலயே முழு டார்க்கும் வந்துடும். உன் வண்டி அப்பதான் தூங்கி எழுந்திருக்கும்" என்பார். அவளுக்கு அதில் பாதி புரியாது. வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை உடனே நிறுத்தாமல் வாசலில் ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதுதான் அவளுக்கு எரிச்சல். சாப்பாடு ஆறுகிறது என்று உள்ளிருந்து கூப்பிடுவாள். "டர்போ ஆறட்டும்மா" என்று அங்கிருந்து பதில் வரும்.

ஒரு காலையில் பம்பு பொருத்தும் இடத்தில் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சின் நடுவே ஒரு வார்த்தையைத் தேடுவதுபோல நின்றார். அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது. வலது கையும் காலும் பாதிதான் திரும்பின. பேச்சு போய்விட்டது. சொல்ல நினைப்பது உள்ளே இருந்தது. வெளியே வரும்போது வேறு எதுவோ வந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் குடை என்று வரும். மூன்று நான்கு முறை அப்படி ஆனபின் அவர் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. அவரை வாரத்தில் பாதி நாள் கை கால், பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாடகை வண்டிக்காரர்களோ கைத்தாங்கலாக ஏற்றி இறக்க வேண்டியவர் என்றதும் முகம் சுளித்தார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சின்ன காரை விட இதன் கிளட்ச் கனம். ஆனால் ஒரு நல்ல குணம் இருந்தது. கிளட்சை மெல்ல விட்டாலே போதும், ஆக்சிலேட்டரைத் தொடாமல் தானாக ஊர்ந்து போகும். சந்தையும் கடைத்தெருவையும் அப்படியே ஊர்ந்து கடந்தாள். அவர் வாய் வலிக்கச் சொன்ன டார்க் என்கிற இழுவிசை இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. அதை அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து பயிற்சி நிலையம், அங்கிருந்து கடை, மாலையில் மகளைக் கல்லூரிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வீடு. எதுவும் பத்து நிமிடத்தைத் தாண்டாது. வண்டி சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவாள். ஒன்றரை வருடம் இப்படி ஓடிய பிறகு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. அவள் பார்த்தாள். அன்று அவரைக் குளிப்பாட்டும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது, மகளுக்குக் காய்ச்சல், கடையில் ஒருவர் லீவு. இன்னொன்றைத் தலையில் ஏற்றிக்கொள்ள இடமில்லை. எரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அது விடவில்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு காலை வண்டி திணறியது. எவ்வளவு மிதித்தாலும் நடையளவு வேகத்துக்குமேல் போகவில்லை. பின்னால் ஹாரன்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த மஞ்சள் விளக்கை இடது கையால் காட்டிக் காட்டி, ஏதோ சொல்ல முயன்றார். "குடை" என்றார். மறுபடி, "குடை, குடை." பிறகு டேஷ்போர்டை ஓங்கி அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நனைந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் கியரிலேயே பாலத்தைத் தாண்டி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டாள்.

மெக்கானிக் நிதானமான ஆள். டீசல் எரியும்போது கரி வரும், அது வெளியே போகாமல் புகைக்குழாயில் இருக்கும் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும், வண்டி நீளமாக ஓடி நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து சாம்பலாகும் என்று விளக்கினார். "வண்டிமேல குத்தமில்லக்கா. இது தூரம் போறதுக்குன்னு செஞ்சது. நீங்க தெருவுக்குள்ளயே வெச்சு ஓட்டுறீங்க, அதான் மூச்சடைக்குது." மெஷினை வைத்துக் கொஞ்சம் எரித்துவிட்டார். மீதிக்கு அவர் சொன்ன வழி, வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணிக்குக் குறையாமல், நிறுத்தாமல், கடைசி கியருக்கு ஒன்று குறைவாகவே வைத்து ஓட்டுவது.

"வேலையில்லாம ஊர் சுத்தச் சொல்றீங்களா?" என்றாள் அவள். "அவ்வளவு நேரம் கிடைச்சா நான் தூங்குவேன்."

தம்பி அன்று மாலையே வந்தான். வண்டியை விற்றுவிட்டுச் சின்னதாக ஒரு பெட்ரோல் வண்டி வாங்கலாம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. வாங்குவதற்கும் ஆள் வைத்திருந்தான்: பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர் அம்மா, திங்கட்கிழமை வந்து ஓட்டிப் பார்ப்பார். இதைக் கணவரிடம் சொன்னபோது அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்குள் எதுவோ அறுந்தது.

"உங்களுக்கு வண்டி போற வருத்தம். எனக்கு அதுகூடப் படல. காரும் வேணாம், வீடும் வேணாம், ஒருத்தரும் கூப்பிடாம ஒரு மணி நேரம் படுக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றாள். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் திரும்பவில்லை. சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உடனே பட்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவும் தெம்பில்லை.

வாங்க வருகிறவர் முன்னால் விளக்கு எரியக் கூடாதே என்று மறுநாள் ஞாயிறு மதியம் வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்தாள். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவரைத் தனியே விட முடியாது, ஏற்றிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் அவள் ஓட்டியதே இல்லை. லாரிகள் பக்கத்தில் வரும்போதெல்லாம் உள்ளங்கை வேர்த்தது. இன்ஜின் சத்தம் பயமுறுத்தவே, அவசரமாக ஆறாவது கியருக்குத் தள்ளினாள். வண்டி உறுமலை விட்டு முனக ஆரம்பித்தது.

"அஞ்சு" என்றார் அவர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. கியரைக் குறைத்தாள்.

இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளை நோக்கி அவர் விரல் நீண்டது. "ரெண்டாயிரம்" என்றார். சற்றுப் பொறுத்து, "மேல" என்றார். முள் இரண்டாயிரத்துக்குமேல் நிற்க வேண்டும் என்கிறார். பயிற்சி நிலையத்தில் கிண்ணம், சீப்பு, பூட்டு என்று படம் படமாகக் காட்டிக் கேட்டபோது ஒன்றுக்கும் வராத சரியான சொல், இங்கே காசு போட்ட மெஷினிலிருந்து விழுவதுபோல ஒவ்வொன்றாக விழுந்தது. அவர் சொன்னபடியே ஓட்டினாள். மரங்கள் போயின, தொழிற்சாலைச் சுவர்கள் போயின. அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டும் இருந்தார். நல்ல தூரம் போனபிறகு மஞ்சள் விளக்கு சத்தமில்லாமல் அணைந்தது.

ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக நிறுத்திச் சாவியில் கை வைத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறட்டும்."

சரி என்று சாய்ந்து உட்கார்ந்தாள். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து அவளுக்கு நினைவு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது, இன்ஜின் நின்றிருந்தது, இடது கையால் அவர் எப்படியோ எட்டித் திருப்பிய சாவி டேஷ்போர்டின்மேல் இருந்தது. பதறி எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே அந்த நிலையத்தின் காவலாளி நின்றிருந்தார்.

"வண்டிய நகர்த்தச் சொல்ல வந்தேம்மா. அய்யா விடல. வாயில விரல வெச்சு என்னையே அதட்டுறாரு" என்றார் காவலாளி.

அவள் பக்கத்தில் பார்த்தாள். அவர் நேரே சாலையைப் பார்த்தபடி, காவலுக்கு உட்கார்ந்தவர்போல, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் விழுந்த நாளிலிருந்து அவள்தான் அவருக்குக் காவல். தூக்கத்தில் அவர் இருமினால் இவளுக்கு முழிப்பு வரும். தான் தூங்கும்போது இன்னொருவர் முழித்திருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அவள் வண்டியை வீட்டுக்குத் திருப்பினாள். முன்தினம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கெல்லாம் அவசியம் இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை.

விற்க வேண்டாமோ என்ற நினைப்பு வழியில் ஒருமுறை வந்தது. ஆனால் வாராவாரம் இப்படி வர முடியாது என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வீட்டு வாசலில் இறக்கும்போது அதை அவரிடம் நேராகவே சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சூடாக இருந்திருக்கும். பிறகு தலையாட்டினார்.

திங்கட்கிழமை மாட்டு டாக்டர் வந்தார். குனிந்து அடியில் பார்த்தார், பின்கதவைத் திறந்து மருந்துப் பெட்டிகள் கொள்ளுமா என்று கையால் அளந்தார். தம்பி வண்டியின் அருமை பெருமைகளை எடுத்துவிட ஆரம்பித்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பம்புக்காரர் இடது கையைத் தூக்கினார். தம்பி நிறுத்தினான்.

"தினம்... தூரமா?" என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நெற்றி நரம்பு புடைத்தது.

டாக்டர் அவசரப்படாமல் காத்திருந்து கேட்டுக்கொண்டார். காலையில் கிளம்பினால் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது, பாதி மண்பாதை என்றார்.

"நல்லது" என்றார் அவர். பிறகு, "பக்கத்துல... ஓட்டாதீங்க. அடைக்கும். விளக்கு... எரிஞ்சுது." தம்பி கண்ணால் ஜாடை காட்டினான், இதையெல்லாம் எதற்கு இப்போது சொல்கிறீர்கள் என்று. அவர் அவன் பக்கமே திரும்பவில்லை. "தூரம் போனா... ஒண்ணும் ஆகாது. நம்பி எடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. பழைய பம்புக்காரர் என்றால் இந்நேரம் டார்க்கும் மைலேஜும் கியர் விகிதமும் வாசலை நிறைத்திருக்கும். ஆனால் டாக்டர் ஓட்டிப் பார்க்கக்கூடத் தோன்றாதவர்போல, "அய்யா சொன்னதே போதும்" என்று சாவிக்குக் கையை நீட்டினார். பம்புக்காரர் அதை மனைவி கையிலிருந்து வாங்கித் தானே கொடுத்தார். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பெட்ரோல் வண்டி அடுத்த மாதம்தான் வந்தது. அதுவரை பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்துவீட்டுக்காரர் காரில் இடம் கொடுத்தார். பயிற்சி கொடுக்கும் பெண், நடந்ததைக் கேட்டுவிட்டு, படங்களை ஒதுக்கிவைத்துப் பம்பின் பாகங்களைக் கேட்கத் தொடங்கினாள். சில நாள் சொல் வந்தது, பல நாள் வரவில்லை. வேலைக்குத் திரும்புவது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும். மகள் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அப்பாவுடன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா படுக்கட்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. கதவு சாத்தியிருக்கும் அந்த நேரத்தில் சில வாரம் அம்மாவுக்குத் தூக்கம் வரும். வராத வாரங்களில், கூடத்தில் அவர் ஏதோ ஒரு சொல்லைப் பிடிக்க முயல்வதையும், மகள் பொறுமையாகக் காத்திருப்பதையும் கேட்டபடி, எழுந்து போகாமல் படுத்திருப்பாள்.