கன்னி மூலைக் கதவு

கோபம் வந்தால் எனக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். அந்த ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் டப்ளினில் எங்கள் சமையலறையில் இருந்த அத்தனை எவர்சில்வரும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. காரணம் ஒரு கதவு. அது என் வீட்டுக் கதவுகூட இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் ஆற்றங்கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர் வரும். ஜப்பானிலிருந்து வந்தவர்கள் கட்டிய ஊர். பேரிக்காயையும் வெங்காயத்தையும் படகில் ஏற்றி சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய முகம் இருந்த ஒரே குற்றத்துக்காக அரசாங்கம் அவர்களை அள்ளிக்கொண்டு போய் முகாமில் அடைத்தது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். அப்புறம் லாரிகள் வந்தன, படகும் நின்றது. இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு தெருவும், பாதி சாய்ந்த மரக் கட்டடங்களும்தான்.

அந்த ஊரைப் பிழைக்க வைக்க ஒரு சின்னக் குழு இருக்கிறது. சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவோம். நான் அவர்களுக்கு வெப்சைட் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பெரிய கனவு, துறையைப் பார்த்து நிற்கும் பழைய போர்டிங் ஹவுஸைத் தங்கும் விடுதியாக்குவது. ராத்திரி தங்க இடம் இருந்தால்தானே வருகிறவர்கள் ஊரில் நாலு கடையில் ஏறி இறங்குவார்கள்?

அந்தக் கட்டடம் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஜப்பானிய நர்ஸ் ஒருவருடையது. அவருடைய அப்பா அம்மா நடத்தியது. கூரை ஒழுகியது, அவரால் சமாளிக்க முடியவில்லை. முகப்பை மாற்றாமல் வைத்துக்கொள்கிற ஆளாகப் பார்த்து விற்கிறேன் என்றார். நான்தான் ஆள் பிடித்துக் கொடுத்தேன். எங்கள் தமிழ் வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கோயம்புத்தூர்க்காரர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். டெக்சாஸில் ஆலன், காப்பெல் என்று வாடகை வீடுகள் வாங்கிப் போட்டிருக்கிறவர். "ஃப்ரன்டை நாங்க தொடவே மாட்டோம் ஆன்ட்டி" என்று என் முன்னால் வைத்துத்தான் நர்ஸிடம் இங்கிலீஷில் சத்தியம் பண்ணினார். நான் பக்கத்தில் நின்றதால் அவரும் நம்பினார்.

அந்த முகப்பில் முக்கியமானது கதவு. முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கதவின் மேல் யாரோ பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்களாம். நர்ஸின் அம்மா ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாராம். ஆணி இருந்த ஓட்டைகள் நிலையில் இன்னும் இருக்கின்றன. எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அவற்றை மட்டும் அடைக்க அம்மா விடவில்லை. எங்கள் சனிக்கிழமைச் சுற்று அங்கேதான் தொடங்கும். வந்தவர்கள் விரலை வைத்துப் பார்ப்பார்கள்.

பத்திரம் முடிந்த கொஞ்ச நாளில் அண்ணா போன் பண்ணினார்.

"ஒரு சின்ன சேஞ்ச் மா. ஈரோட்டுல நம்ம வாஸ்துக்காரருக்கு வீடியோ கால்ல வீட்டைக் காட்டினேன். மெயின் டோர் கரெக்டா கன்னி மூலைல இருக்குதாமா. ஆகவே ஆகாதுன்னுட்டாரு."

"அதுக்கு?"

"அதை க்ளோஸ் பண்ணிட்டு ஈசான்யத்துல புதுசா ஒண்ணு ஓப்பன் பண்றோம்."

ஈசான்யத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பின் சந்து. குப்பைத் தொட்டிகளும் கேஸ் டாங்கும். ஆற்றையும் துறையையும் பார்க்க வருகிறவன் குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டுமாம். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"அண்ணா, நீங்க அங்க குடியிருக்கவே போறதில்லையே!"

"பத்திரம் என் பேர்ல இருக்குதே மா. ஓனருக்குத்தானே அடிக்கும்?"

"அது ஹெரிடேஜ் பில்டிங். கவுன்ட்டி பர்மிட் இல்லாம அதுல ஒரு பலகையைக்கூட மாத்தக் கூடாதுண்ணா."

"அப்ளை பண்ணியாச்சு. அவங்க எப்ப தர்றது? ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சியாகணும். முகூர்த்தம் குறிச்சாச்சு."

அமெரிக்காவில் இருபது வருஷமாகச் சிக்னலில் ஒழுங்காக நின்று பழகிய மனிதர். ஆடி வருகிறது என்றதும் கவுன்ட்டியாவது சட்டமாவது! என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? நாளைக்கு நாலு பேர் மூஞ்சில முழிக்க வேண்டாமா?" என்றார். நான் குக்கரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு துறையிலிருந்து படியேறி வந்தோம். நர்ஸ் முன்னால் நடந்துகொண்டிருந்தார். கதவு தெரியவில்லை. அதன் மேல் புத்தம் புதிய பிளைவுட் பலகை. சுற்றிலும் ஆணி. பலகையின் நடுவில் மஞ்சளும் குங்குமமும் வேறு வைத்திருந்தார்கள்!

நர்ஸ் நின்றார். பிறகு, "அடுத்த கட்டடத்துக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங்கை விட்டுவிட்டுக் கவுன்ட்டி அரசு அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். பேர் சொல்ல வேண்டாம் என்றார்கள். சொன்னேன். என் பேர், என் நம்பர், எல்லாம். ஒளிந்துகொண்டு செய்ய இது என்ன திருட்டா?

வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். பால் காய்ச்சுவது நின்றது. அன்று சாயந்திரமே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கினார்கள். அண்ணாவின் மனைவி போன் பண்ணினார்.

"நம்ம ஆளுங்களை நீயே காட்டிக் கொடுப்பியா? நீ நல்லா இருப்பியா?"

"அக்கா, அவங்க வாசல்ல ஆணி அடிச்சது நீங்க. என்னை ஏன் கேக்கறீங்க?"

"அவங்க வாசலா? நாங்க காசு குடுத்து வாங்கினது!"

போனை வைத்தேன்.

மறு சனிக்கிழமை நோட்டீஸைக் காட்டலாம் என்று நர்ஸைச் சீக்கிரமே வரச் சொல்லியிருந்தேன். ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு. பலகை மேல் அரசாங்க முத்திரையோடு சிவப்புத் தாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"போர் வந்தபோதும் இங்கேதான் ஒட்டினார்களாம். அம்மா சொல்வார்" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லையே! அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவை எங்களைப் போகச் சொல்லவில்லை" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை.

பலகையைக் கழற்றும்படி கவுன்ட்டி உத்தரவு போட்டது. அண்ணா ஆள் அனுப்பிக் கழற்றினார். அவர் இன்னும் கட்டடத்தை விற்கவும் இல்லை, விடுதி திறக்கவும் இல்லை. கோயிலில் பார்த்தால் தூணுக்கு அந்தப் பக்கமாகப் போகிறார். போகட்டும்.

கதவு பழையபடி துறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. போன வாரம் வந்த ஒரு பெண்மணி நிலையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், நின்றார். பழைய ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று மரம் தெரியும் புது ஓட்டைகள்.

"இதெல்லாம் புதிதாக இருக்கிறதே, யார் அடித்தது?" என்று கேட்டார்.

நர்ஸ் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என்னை வைத்துக்கொண்டு அவர் சொல்ல மாட்டார்.

"எங்கள் ஆட்கள்" என்றேன்.