உண்ணி இல்லாத ஆடுகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு காலிக் குப்பி கிடக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். மேலே ஒட்டிய சீட்டில் என் கையெழுத்தில் ஊரும் தேதியும் இருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த ஆட்டுக்கார அக்காவுக்காக எழுதிவைத்த குப்பி அது.

அந்த வருடங்களில் எனக்கு உண்ணி பொறுக்கும் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், பெண் பார்க்கப் போன வீட்டில்கூடச் சிரித்தார்கள். கீழ்புத்துப்பட்டிலிருந்து கிளியனூர் வரை ஆடு மாடுகளின் காதுமடலிலும் தொடையிடுக்கிலும் உண்ணி எடுத்து, ஸ்பிரிட்டில் போட்டு, ஆய்வகத்தில் மேடத்திடம் கொடுக்க வேண்டும். பார்வைக்கு எல்லா உண்ணியும் ஒன்றுதான். அதற்குள் இருக்கும் பாக்டீரியாவின் மரபணுவைப் படித்தால் ஊருக்கு ஊர் வேறு. எது மனிதனுக்குக் காய்ச்சல் தரும், எது சும்மா இருக்கும், எது ஆட்டோடு சேர்ந்து ஊர் மாறிப் போனது என்பதெல்லாம் அதில் தெரியும் என்பார் மேடம். எனக்குப் பாதிதான் புரியும். வெயில் மட்டும் முழுசாகப் புரிந்தது.

அக்காவிடம் ஒன்பது ஆடுகள். உப்பு வாரிய நேரம் போக வரப்போரம் மேய்ப்பார். பத்து நாளாகக் காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கிறது என்றார். கடைத்தெரு டாக்டர் ஊசி போட்டு அனுப்பியிருந்தார். மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மேடத்திடம் சொன்னேன். "அவங்க ஆட்டு உண்ணியை முதல்ல கொண்டு வா. அதுல காய்ச்சல் கிருமி இருந்தா பெரியாஸ்பத்திரிக்கு நானே எழுதித் தர்றேன்" என்றார். நான் அக்காவிடம் போய், "வியாழக்கிழமை ஆட்டைப் பார்க்க வர்றோம்க்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எதற்கு என்றும் சொல்லியிருக்க வேண்டும். அலுப்பில் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை போனபோது ஆடுகள் கல்யாணத்துக்குக் கிளம்பியவை போல நின்றன. பாத்தியிலிருந்து உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றித் தேய்த்திருந்தார். அதற்கும் விழாத உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நகத்தில் நசுக்கி, அடுப்பில் போட்டிருந்தார். அதுவும் அந்தக் காய்ச்சலோடு.

"ஆபீசுலருந்து வர்றீங்க, உண்ணியோட எப்படி சார் காட்றது? தேடிப் பாருங்க, ஒண்ணு கெடைக்காது."

கிடைக்கவில்லை. படிவத்தில் 'உண்ணி இல்லை' என்று எழுதினேன். எதற்கும் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கக்கா என்றேன். "உப்பு வாரி முடியட்டும் சார், போறேன்" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. மறுவாரம் அவரை ஆம்புலன்சில் ஏற்றும்போதே நினைவில்லையாம். திரும்பி வரவில்லை.

உண்ணியால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. இதை யோசித்து யோசித்துச் சலித்துவிட்டேன், ஆனாலும் விடமாட்டேன் என்கிறது. மேடம் வரைந்த படத்தில் அந்தப் பாக்டீரியாக்கள் மரம்போலக் கிளை பிரிந்திருந்தன. கிளியனூருக்கு ஒன்று, கீழ்புத்துப்பட்டுக்கு ஒன்று. அக்காவின் ஊருக்குக் கிளை இல்லை. படிக்கிறவர்கள் அங்கே உண்ணியே கிடையாது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருடம் அங்கே மறுபடி போனேன். முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் ஆடுகளைப் பிடித்துக் காட்டினார். காதெல்லாம் கொத்துக் கொத்தாக உண்ணி. நான் இடுக்கியை எடுத்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். அவ இருந்தா இப்படி விட்டிருக்க மாட்டா."