அக்காவுக்குக் கொடுத்த பழைய பிரிட்ஜ்

முதலில் அடியில் தண்ணீர் கசிந்தது. பிறகு ஒருநாள் பாடசாலை விட்டு வந்து கதவைத் திறந்தால் மீன் நாற்றம். பதுளையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிரிட்ஜ் திருத்துபவர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து கேஸ் அடித்தார். சில வாரம் ஓடிவிட்டு மறுபடியும் நின்றது. இரண்டாவது தடவை வந்தபோது பின்பக்கம் குனிந்து காது வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"டீச்சர், இப்ப ஓட வச்சிருக்கேன். ஆனா இத நம்பி இருக்காதீங்க. கம்பிரசர் எந்த நேரமும் போயிரும்."

அந்தச் சனிக்கிழமையே நானும் என் கணவரும் கடைக்குப் போனோம். அவருக்கு முன்கதவிலேயே தண்ணீர் வரும் பெரிய பிரிட்ஜ் மீது கண். நான் விடவில்லை. "அழகுக்கா வாங்குறோம்? தொந்தரவு குடுக்காம வருசக்கணக்கா ஓடணும்," என்றேன். ஆசிரியர் அறையில் ஒவ்வொருவரிடமும் விசாரித்து வைத்திருந்த கேள்விகளையெல்லாம் விற்பவரிடம் கேட்டேன். கம்பிரசருக்குத் தனியாக உத்தரவாதம் உண்டா? பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா? சாமான் பதுளையிலேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா? கரண்ட் போய்ப் போய் வந்தால் தாங்குமா? கைப்பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். சுலபமாக வந்தால் ரப்பர் சரியில்லை என்று சக ஆசிரியை சொல்லியிருந்தார். இரண்டு பிரிட்ஜில் டிக்கெட் வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவதில் கிழிந்தது. அதையே எடுத்தோம்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர், "பழச இரும்புக்காரனுக்குப் போட்டிரலாமா?" என்று கேட்டார்.

"வேணாம். அக்காவுக்குக் குடுப்போம்."

"அது சரிவருமா? நின்னு நின்னு ஓடுறது."

"அங்க குளிருதானே. இங்க மாதிரி கஷ்டப்படாது. ஓடும்."

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் அத்தனை கேள்வி கேட்ட வாய்தான் அதையும் சொன்னது.

என் அக்கா நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறாள். அத்தான் இறந்துவிட்டார். மகளோடு, நாங்கள் பிறந்து வளர்ந்த அதே லயத்து வரிசை வீடுகளில், அதே வீட்டில் இருக்கிறாள். பிரிட்ஜ் வருகிறது என்று போனில் சொன்னபோது, "நெசமாவா? உங்களுக்கு வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஓடும் என்று மட்டும் சொன்னேன். திருத்துபவர் சொன்னதைச் சொல்லவில்லை.

மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லொறியொன்றில் ஏற்றி அனுப்பினோம். லொறி போவது தோட்டப் பாதை வரைக்கும்தான். அங்கிருந்து லயத்துக்குப் படிக்கட்டில் இறங்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் ஆள் சேர்த்து, கயிறு கட்டி, கம்பு கொடுத்துத் தூக்கி வந்தாராம். பிரிட்ஜுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, தூக்கி வந்தவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொடுத்ததாக அக்கா அன்று மாலையே சொன்னாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு போன் பேசும்போதெல்லாம் கேட்பேன். "பிரிட்ஜ் எப்படி இருக்கு?"

"ஓடுது, ஓடுது. அதுக்கென்ன."

உடனே பேச்சை மாற்றிவிடுவாள். நானும் விட்டுவிடுவேன். அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

தீபாவளி கழிந்து வந்த ஒரு விடுமுறை நாளில் தோட்டத்துக்குப் போனேன். பசறையில் பஸ் மாறும்போது அக்கா மகளுக்காக ஐஸ்கிரீம் டப்பா ஒன்று வாங்கி, தாளில் நன்றாகச் சுற்றி எடுத்துக்கொண்டேன். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா இன்னும் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து வரவில்லை. மகள் மட்டும் இருந்தாள். தாள் ஈரமாகி ஐஸ்கிரீம் இளகத் தொடங்கியிருந்தது. நேரே பிரிட்ஜிடம் போனேன்.

"சித்தி, குடுங்க, நான் வைக்கிறேன்," என்று அவள் ஓடி வருவதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன்.

உள்ளே வெளிச்சம் வரவில்லை. மேல் தட்டில் அவளுடைய வெள்ளைச் சீருடைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அதன் கீழே பாடப்புத்தகங்கள். இன்னும் கீழே அக்காவின் சேலைகள், நான் வாங்கிக் கொடுத்தவையும் இருந்தன. முட்டை வைக்கும் குழிகளில் கொண்டை ஊசி, வளையல், ஒரு நூல்கண்டு. பூச்சி வராமலிருக்க மூலையில் ஓர் உருண்டை. அந்த வாசனைதான் முகத்தில் அடித்தது.

"எப்ப நின்னுச்சு?"

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு கிழமைதான் ஓடிச்சு சித்தி. பசறையிலருந்து ஆள் வந்து பாத்தாரு. சரிவராதுன்னு சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

ஐஸ்கிரீமில் கொஞ்சத்தை ஒரு கோப்பையில் கொட்டி அவளிடம் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே அவசர அவசரமாக, பாலாய் உருகியதைக் குடித்தாள். பிறகு மிச்சத்தைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னேன்.

"அவங்க வரமாட்டாங்க. நாங்க பேசுறதில்ல."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அக்கா வந்தபின்தான் விளங்கியது. கூடையை இறக்கிவிட்டு, தலைத்துணியை அவிழ்த்தபடி உள்ளே வந்தவள், திறந்து கிடந்த பிரிட்ஜையும் என்னையும் பார்த்தாள். கை கழுவப் போய்விட்டாள். திரும்பி வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, நான் கேட்காமலே பேசத் தொடங்கினாள்.

"நீ மனசக் கஷ்டப்படுத்திக்காத. நீ நல்ல சாமானாத்தான் அனுப்பின. எனக்குத் தெரியாதா? இந்த மனுசன்தான் கெடுத்தது."

"எந்த மனுசன்?"

"பக்கத்து வீட்டுக்காரருதான். மெதுவா எறக்குங்க, மெதுவா எறக்குங்கன்னு அத்தன தரம் சொன்னேன். நடுப்படியில கால் வழுக்கி, பிரிட்ஜ் ஒரு பக்கமா சாஞ்சு படியில இடிச்சிருச்சு. அதுலதான் உள்ளுக்கு என்னமோ போயிருச்சு. அது நின்ன ஒடனே, தங்கச்சி குடுத்த சாமான இப்படிப் பண்ணிட்டீங்களேன்னு நாலு பேரு முன்னால கேட்டுட்டேன். அவரு பொஞ்சாதியும் பதிலுக்குப் பேசினா. அன்னைக்கிருந்து பேச்சு வார்த்த இல்ல."

அந்த அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அத்தான் செத்தபோது குழி வெட்டியவர் அவர்தான். அவருடைய மனைவியும் அக்காவும் ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுத்தவர்கள். இப்போது நிரை மாற்றிக் கேட்டுப் போயிருக்கிறார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் அக்காவும் சமாதானமாகியிருப்பாள், என் பெயரும் கெட்டிருக்காது. அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது.

"அக்கா, அவரால இல்ல. அது எங்க வீட்டுலயே நின்னு போச்சு. ரெண்டு தரம். நம்பி இருக்காதீங்கன்னு திருத்துறவரு சொல்லியிருந்தாரு. தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரிஞ்சா?"

"ஓடும்னு நெனச்சேன்."

"உனக்குப் புதுசு வாங்கப் போனியே, அப்பவும் ஓடும்னு நெனச்சுக்கிட்டுதான் வாங்குனியா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா," என்றாள். ஒரு வார்த்தைதான். பின்னாலேயே போனேன்.

பக்கத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் அவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்று, "அண்ணே, நான் பேசினது தப்பு. அது மொதல்லயே கெட்டுப் போனதாம். இவளே சொல்றா," என்றாள். நானும் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார்.

"நான்தான் ஒடச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் டீச்சர். படியில இடிச்ச சத்தம் இன்னும் காதுக்குள்ள இருக்கு. பாவம், புருசன் இல்லாத பொம்பளைக்கு வந்த சாமான நாசமாக்கிட்டோமேன்னு சரியாச் சாப்பிடக்கூட முடியல."

அவர் மனைவிதான் மிச்சத்தைச் சொன்னாள். பேச்சு நின்றபிறகும், அக்கா மலைக்குப் போன நேரத்தில் அவர் விறகு பிளந்து அக்கா வீட்டு வாசலில் அடுக்கிவிட்டு வருவாராம். அக்கா அதை எடுத்து எரிக்கவும் செய்தாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் அக்காவும் அவர் மனைவியும் சேர்ந்தே பதுளைக்கு வந்தார்கள். நானும் கடைக்குக் கூடப் போனேன். என் காசில் வாங்குவதற்கு அக்கா ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். விற்பவரிடம் நான் மறுபடியும் கேள்விகளை ஆரம்பித்தேன், ஒன்றுகூட விடாமல். பாதியில் அக்கா என் கையைத் தொட்டு, "போதும்டி, அவருக்கும் வேல இருக்கு," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பழைய உரிமையும் இல்லை. நன்றியும் சொல்லவில்லை, அதற்காக மட்டும் எனக்கு நிம்மதி.

பிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. அக்காவும் பக்கத்து வீட்டு அக்காவும் தயிர் உறைய வைத்து, அதில் குளிரவிட்டு லயத்துக்குள் விற்கிறார்கள். போன் பேசும்போது நான் பிரிட்ஜைப் பற்றி விசாரிப்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

போன மாதம் போனபோது அந்த அண்ணன் இஸ்தோப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சோற்றுக் கையோடு எழுந்து நின்று, "வாங்க டீச்சர்," என்றார். உட்காருங்க அண்ணே, உட்காருங்க என்று எத்தனை தடவை சொல்லியும், நான் கடந்து போகும்வரை அவர் உட்காரவில்லை.